பெரியத்தைக்குக் காட்டப்பட்டது

சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரிக்காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. சேகரத்தில் ஊர்கள் அதிகம் என்பதால் குருவானவரான ஐயர்வாள் மாதம் ஒருமுறைதான் வருவார், திருவிருந்து கொடுக்க. மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் எல்லாம். குருப்பட்டம் பெறாதவர் என்பதால் பிரசங்க பீடத்தில் ஏறமாட்டார். கீழே, வேதம் வாசிக்கும் மேசையருகே நின்றுதான் பேசுவார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் பிரசங்கம் தயாராவதை நாங்கள் வேடிக்கை பார்ப்போம். திருமண்டலத்து அட்டவணையில் அந்த ஞாயிறுக்கு என்ன பொருள், என்னென்ன பாடங்கள் என்று விரலால் தேடுவார். நாற்பது பக்க நோட்டில் மூன்று தலைப்பு. ஒவ்வொன்றின் கீழும் வசன எண்கள். மறுநாள் அதை ஒரே குரலில் ஒப்பிப்பார். இரண்டாம் தலைப்புக்குள் ஆண்கள் பக்கம் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். அவர் கோபித்ததில்லை.

பெரியத்தைக்கு அட்டவணை கிடையாது. விடிலிக் குடிசையில் பதனீர் காய்ச்சும்போதுதான் ஆண்டவர் அவளோடு பேசுவார். பனையோலையையும் காய்ந்த மட்டையையும் அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே முணுமுணுவென்று ஜெபித்தபடி இருப்பாள். நுரை பொங்கி விளிம்புக்கு வந்தால் இரண்டு ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவாள்; அடங்கிவிடும். பாகு பதத்துக்கு வந்ததும் சிரட்டைகளில் ஊற்றுவாள். திடீரென்று அகப்பையை நிறுத்தி, “காட்டிட்டாருலே” என்பாள். எங்களுக்குக் கருப்பட்டிப் பாகின் மேல்தான் கண்.

காட்டப்பட்டதையெல்லாம் புதன்கிழமை வீட்டு ஜெபத்தில் சொல்லிவிடுவாள். ஒரு புதன்கிழமை எழுந்து நின்று, “வடக்குத் தெருவுல ஒரு வீட்டுல கள்ளக் காசு இருக்குன்னு ஆண்டவர் காட்டினாரு” என்றாள். எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டுக்காரருக்கும் அவளுக்கும் வரப்புத் தகராறு ஓடிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். அந்த வீட்டு அம்மாவும் அங்கேதான், லாந்தருக்குப் பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உபதேசியார் நோட்டை மூடினார். “அக்கா, இது உங்களுக்குக் காட்டினதா, எங்களுக்குக் காட்டினதா?”

அத்தை முழித்தாள்.

“உங்களுக்குன்னா வீட்டுல வச்சு ஜெபம் பண்ணுங்க. எங்களுக்குன்னா நாலு பேரு உக்காந்து நிதானிக்கணும். கொரிந்து சபைக்குப் பவுல் அப்படித்தான் எழுதியிருக்காரு.”

அத்தை உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வாரம் ஜெபத்துக்கே வரவில்லை.

பாட்டையா மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று ராத்திரி கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு பழங்கதையை எடுத்தார். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானியர் ரேனியஸ். தான் பழக்கிய உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க இங்கிலாந்து சபைப் பேராயரின் கைதான் வேண்டும் என்பதை அவர் ஒப்பவில்லை. அந்தச் சபையின் முறைகளைக் கண்டித்தும் எழுதினார். 1835-ல் சி.எம்.எஸ். என்ற மிஷன் சங்கம் அவரை நீக்கியது. சபைகள் பிளந்தன. 1838-ல் அவர் இறந்தபின் பிரிந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். அவரிடம் படித்த அருளப்பன், வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்டியான்பேட்டையில், எந்த மிஷனிலும் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தார். 1860-ல் அங்கே எழுப்புதல். ஜனங்கள் நடுங்கி விழுந்தார்கள், தரிசனம் சொன்னார்கள், அந்நிய பாஷை பேசினார்கள். அந்த அலை திருவிதாங்கூருக்கும் போனது. அங்கே ஜஸ்டஸ் ஜோசப் என்ற ஆங்கிலிக்கன் குரு, 1881-ல் ஆண்டவர் வந்துவிடுவார் என்று நாள் குறித்தார்.

“வந்தாரா பாட்டையா?”

“வந்திருந்தா நீ எதுக்குலே ஸ்கூலுக்குப் போற?”

பாட்டையா ரேனியஸ் கட்சி. பேராயர் கை இல்லாவிட்டால் என்ன, நம் உபதேசியாருக்கு நானே பட்டம் கொடுப்பேன் என்பார். ஆனால் அத்தை விஷயத்தில் மட்டும் அட்டவணைக் கட்சிக்கு மாறிவிடுவார். மகள் அல்லவா.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. ஊர்க் கிணறுகள் வற்றி, கோயில் வளாகத்துக் கிணற்றில் மட்டும் தண்ணீர் கிடந்தது. சபைக் கமிட்டி அதற்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டியது. சபையாருக்குக் காலையில் குடும்பத்துக்கு இரண்டு குடம். கீழத்தெருக்காரர்களுக்கு இல்லை. அவர்களிலும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் உண்டு. அதை யாரும் பேசவில்லை. கேட்டால், ஐயர்வாள் வந்து கூட்டம் போட்டால்தான் முடிவு என்றார்கள். ஐயர்வாள் வர இன்னும் மூன்று வாரம்.

புதன்கிழமை அத்தை எழுந்தாள். “எனக்கு ஒரு பூட்டு காட்டப்பட்டிச்சு. திறன்னாரு.” அவ்வளவுதான். யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தாள். கமிட்டிக்காரர்கள் உபதேசியாரைப் பார்த்தார்கள், போன தடவைபோல மடக்குவார் என்று. அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி பாடங்களை வாசித்தார். நோட்டைத் திறந்தார். முதல் தலைப்பு முடிந்ததும் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “நம்ம சபையில ஒரு அக்கா தனக்கு ஒண்ணு காட்டப்பட்டதாச் சொன்னாங்க. அதை நிதானிக்க எனக்குத் தனியா அதிகாரம் கிடையாது. மூணு நாளா வேதத்தைப் புரட்டினேன். திறக்கக் கூடாதுன்னு ஒரு இடத்துலயும் இல்ல. சமாரியப் பெண்ணுகிட்ட ஆண்டவரே தண்ணி கேட்டுத்தான் இருக்காரு. இனி நீங்க நிதானிங்க.” பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டாம் தலைப்புக்குப் போனார். அன்று ஒருவரும் தூங்கவில்லை.

இப்போது டிவியில், “கர்த்தர் என்னோடு பேசினார்” என்று தொடங்கும் பிரசங்கியாரைப் பார்க்கிறேன். அதற்குமேல் ஒருவர் வாய் திறக்க முடியாது. கமிட்டித் தீர்மானம் என்று சொன்னாலும் அதே கதைதான். உபதேசியார் சொன்னதில் மட்டும் எதிரில் இருந்தவர்களுக்கு வேலை இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் சாவி வந்தது. கீழத்தெருப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். ஐயர்வாள் வந்தபின் கூட்டம் போட்டு மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினார்கள்: உபதேசியாரின் ஆலோசனைப்படி கிணறு திறந்துவிடப்பட்டது. அத்தை பேர் இல்லை. வாசித்துக் காட்டிய பாட்டையாவுக்கே மனசு கேட்கவில்லை.

“எழுதிட்டுப் போகட்டும், தண்ணி வந்துச்சுல்லா” என்றாள் அத்தை, சிரட்டைகளைக் கழுவியபடி. “அந்த வரப்பைத்தான் ஒருத்தனும் நிதானிக்க மாட்டேங்கான்.”