அசஹான் மேட்டுக்கு எத்தனை பல் வேண்டும்?

ஜாசின் டவுனில் சைக்கிள் கடை வைத்திருக்கும் தவுக்கே அடித்துச் சொன்னார். மலாக்காவில் மலையே கிடையாது. பல்சக்கரத்தில் முன்னால் 40 பல், பின்னால் 42 பல் இருந்தால் அசஹான் தோட்டம் முழுக்க உட்கார்ந்தபடியே சுற்றி வரலாம். பேச்சு முழுக்க மலாய்தான், நடுநடுவே ‘தம்பி’ மட்டும் தமிழில் வந்து விழுந்தது. சுவரில் வரிசையாகத் தொங்கிய கிரேவல் சைக்கிள்களின் விலை அட்டைகள் நாலாயிரத்து எண்ணூறு வெள்ளியில் தொடங்கின. என் வண்டியிலும் அதே 40-க்கு 42 கணக்குதான். போதுமா போதாதா என்று மேட்டிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். போகும்போது பக்கத்துக் கடையில் ஐந்து மீட்டர் அளவு நாடா ஒன்று வாங்கிக்கொண்டேன். ஐந்து வெள்ளிக்குப் பத்துக் காசு குறைவு.

ஜாசினிலிருந்து அசஹானுக்கு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தார் ரோட்டில் வேலையே இல்லை, இருபுறமும் செம்பனை, நடுநடுவே கம்பம், வேலி ஓரத்தில் துரியான் மரம். வழியில் ரோடு லேசாக ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். அதுவரை தவுக்கே சொன்னது சரி. ஆனால் போகப் போக முன்னால் குனோங் லேடாங் நீலமாகக் கனத்துக்கொண்டே வருகிறது. 1,276 மீட்டர் உயரம். உச்சி ஜொகூருக்குச் சொந்தம், அடிவாரக் குன்றுகளில் ஒரு பங்கு அசஹான் வழியாக மலாக்காவுக்குள் வந்து இறங்குகிறது. மாநிலத்தில் மலை இல்லை என்று சொல்பவர்கள் இந்தப் பக்கம் காரில் வருகிறவர்களாக இருக்க வேண்டும்.

இந்தக் குன்றுகளுக்கு ஒரு பழைய கதை உண்டு. மலாயாவில் ரப்பரை முதன்முதலில் தோட்டமாகப் பயிரிட்டவர் மலாக்காக்காரரான டான் சாய் யான். 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கினார், பிறகு இந்தப் புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். மேட்டில் பால் மரம் வைத்தால் மேட்டுக்கு ரோடும் வேண்டும். அந்த ரோடுகளில் ஏறி இறங்கி வேலை செய்தவர்கள் நம்மவர்கள். 1967-ல் சம்பளத் தகராறில் அசஹான் தோட்டத்து மக்கள் கோலாலம்பூர் நோக்கி நடந்தே கிளம்பினார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

அசஹான் கடைத்தெருவில் ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக், நாலு வெள்ளிக்குள் முடிந்தது. அடுத்த மேசையில் சைக்கிள் உடுப்பில் இருவர். ஒருவர் மலாக்கா டவுனில் வங்கி வேலை. அவருடைய வண்டியில் முன்னால் 46, 30 என்று இரண்டு பல்சக்கரம், பின்னால் இருக்கும் பல்சக்கரக் கொத்தான கேசட்டில் பெரியது 34. மற்றவர் இளைஞர், தோட்டத்து லயத்திலேயே பிறந்து வளர்ந்தவர், ஏறியது ஒரு பழைய இரும்பு மவுண்டன் பைக். பெயிண்ட் உதிர்ந்து, சீட்டில் பிளாஸ்டிக் பை கட்டி, பார்த்தால் ஐந்நூறு வெள்ளி பெறாது. “அண்ணே, மேட்டுக்குப் போறீங்களா? நானும் வர்றேன்” என்றார்.

டவுனை விட்டு இரண்டு கிலோமீட்டருக்குள் தார் முடிந்து செம்மண் வந்துவிடுகிறது. லோரிச் சக்கரம் அழுத்திய இரண்டு தடங்கள் மட்டும் கெட்டி. நடுவிலும் ஓரத்திலும் உருண்டைச் சரளை, கோலிக்குண்டு கொட்டியதுபோல. மழைத் தண்ணீர் ஓடுவதற்காக ரோட்டுக்குக் குறுக்கே மண் மேடு கட்டி வைத்திருக்கிறார்கள், அதிலே வேகம் செத்துப்போகும். வெட்டிப்போட்ட செம்பனைக் குலையின் புளித்த வாடை. முந்தின நாள் மழை, நிழல் விழும் இடங்களில் மண் இன்னும் சப்பாத்தில் ஒட்டியது.

முதல் நானூறு மீட்டர் சும்மா இருந்தது. குலை ஏற்றிய டிராக்டர் போக வேண்டிய ரோடு என்பதால் ஒரு வரம்புக்கு மேல் சரிவு வைக்க மாட்டார்கள். ஆனால் அந்த ரோட்டை விட்டுப் பிரிந்து, குன்றின் தோளைக் குறுக்கே வெட்டி ஏறும் கிளைத் தடம்தான் விஷயம். “ஏழு, எட்டு சதவீதம் இருக்கும்” என்றார் வங்கிக்காரர். நான் கைப்பேசியின் மட்டம் பார்க்கும் செயலியை ஒரு பலகைத் துண்டின் மேல் வைத்துப் பார்த்தேன். 9 பாகை. சதவீதக் கணக்கில் கிட்டத்தட்ட 16. பலகையை நகர்த்தி நாலு இடத்தில் பார்த்தேன், ஒரு வளைவில் அதற்கும் மேல்.

வங்கிக்காரர் முதலில் ஏறினார். பாதி வரை நன்றாகவே போனார். சரளை தளர்ந்த இடத்தில் கால் வேகம் குறைந்தது, சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தார், உடனே பின் சக்கரம் சர்ரென்று சுற்றி மண்ணைத் தெறித்தது. இறங்கிவிட்டார். அடுத்து நான். நானும் அதற்கு இரண்டு கஜம் முன்னாலேயே நின்றேன். இளைஞர் எங்கள் இருவரையும் தாண்டி, உட்கார்ந்தபடியே, கால் கரகரவென்று சுற்ற, நடக்கிற வேகத்தில் மேலே போய்ச் சேர்ந்தார். மேலிருந்து “வாங்கண்ணே” என்று வேறு கூப்பிட்டார்.

அங்கேயே நாடாவை எடுத்தேன். டயரில் சாக்பீஸால் கோடு, தரையில் கோடு, மிகச் சிறிய கியரில் போட்டு பெடலைக் கையால் ஒரே ஒரு முழுச் சுற்று, வண்டி எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தோம். என் வண்டி 2 மீட்டர் 8 சென்டிமீட்டர். வங்கிக்காரருடையது 1 மீட்டர் 93. இளைஞருடையது 1 மீட்டர் 45. அவர் வண்டியில் முன்னால் 42, 34, 24 என்று மூன்று சக்கரம். பின்னால் ஏழு, அதில் ஆறு 24 பல்லோடு முடிய, கடைசி ஒன்று மட்டும் திடீரென்று 34 பல்லுக்குத் தாவி நிற்கிறது. மலிவு வண்டிகளில் ஷிமானோ கம்பெனி போடும் பழைய ஏற்பாடு. கடைக்காரர்கள் அதைக் காட்டிச் சிரிப்பார்கள். முன் 24, பின் 34, போதாததற்கு 26 அங்குலச் சிறு சக்கரம். மேட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த நாடாக் கணக்கு எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. பெடலை விநாடிக்கு ஒரு சுற்று சுற்றினால், நாடாவில் கண்ட அளவே விநாடிக்கு ஓடும் தூரம். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், 9 பாகைச் சரளையில் அந்த வேகத்தைத் தக்கவைக்க என் வண்டிக்கு ஏறத்தாழ 300 வாட் வேண்டும். வங்கிக்காரருக்கு 275. இளைஞருக்கு 205 போதும். பயிற்சி எடுத்தவர்களிலும் பலர் 300 வாட்டை மணிக்கணக்கில் தர மாட்டார்கள். அந்தச் சக்தி இல்லாதபோது கால் வேகம்தான் குறையும். கால் மெதுவாகச் சுற்றினால் மிதி ஒரே சீராக விழாது. பெடல் மேலேயும் கீழேயும் இருக்கும்போது சக்தி இல்லை, நடுவில் வரும்போது ஒரேயடியாக உதை. அந்த உதையில்தான் சரளையில் டயர் வழுக்குகிறது. தார் ரோடாக இருந்தால் எழுந்து நின்று உடம்பின் கனத்தைப் போட்டு ஏறிவிடலாம். இங்கே எழுந்து நின்றால் பின் டயரின் மேலிருந்த கனம் முன்னால் போய்விடும், பிடிப்பும் கூடவே போய்விடும். ஆகவே சின்ன கியர் என்பது தெம்பு இல்லாதவனுக்குக் கொடுக்கும் சலுகை இல்லை. சீட்டை விட்டு எழாமல் இருப்பதற்கான வழி.

மேட்டின் மறுபக்கம் இறங்கினால் நாலைந்து பழைய லயத்து வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில். பெரும்பாலான வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒரு வாசலில் பெரியவர் ஒருவர் தன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கறுப்பு நிறத் தடி வண்டி, ஒரே கியர், பின்னால் கம்பிக் கேரியர். பல் எண்ண அனுமதி கேட்டதும் அவருக்குச் சிரிப்பு. முன்னால் 48, பின்னால் 20. ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்று அளந்தால் ஐந்து மீட்டர் நாடா போதவில்லை, மிச்சம் முப்பது சென்டிமீட்டரைக் கையால்தான் அளந்தேன்.

“இதுல அந்த மேட்டை ஏறுவீங்களா ஐயா?” என்றேன்.

“எவன் ஏறுவான்? தள்ளிக்கிட்டுத்தான் போவோம் தம்பி. காலையில பெரட்டு முடிஞ்சா இருட்டுலயே தள்ளணும். பால் வாளியைக் காண்டாவுல தூக்குறதுக்கு இது எவ்வளவோ தேவலாம்.”

சைக்கிள் அவர்களுக்குச் சமதளத்தில் வாகனம், மேட்டில் கைவண்டி. இதைக் கேட்டபோது 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படையின் ஞாபகம் வந்தது. சைக்கிள் படையோடு தீபகற்பம் நெடுக இறங்கி வந்து 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரைப் பிடித்தார்கள். வெள்ளைக்காரன் போட்டு வைத்த நல்ல தார் ரோடு அதற்குக் கைகொடுத்தது. இந்தக் கிளைத் தடத்தில் விட்டிருந்தால் அவர்களும் இறங்கித் தள்ளியிருப்பார்கள்.

திரும்பும் வழியில் மறுபடி ஜாசின் கடை. தவுக்கேயிடம் நாடாவையும் எழுதி வைத்த கணக்கையும் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினார், ஆனால் பெட்டிகளை எடுத்துப் போட்டார். என் வண்டியின் ஆர்.டி., அதாவது பின்னால் செயினைத் தூக்கி மாற்றும் கை, 42 பல் வரைக்கும்தான் என்று ஷிமானோவே வரையறுத்திருக்கிறது. முன்னால் 40-ஐக் கழற்றி 36 போட்டால் ஒரு சுற்று 1 மீட்டர் 87-க்கு இறங்கும், செலவு அவர் சொன்னபடி நூற்றிருபது வெள்ளி சொச்சம். இருப்பதிலேயே மலிவான வழி இதுதான், ஆனால் வங்கிக்காரரின் வண்டி 1.93-ல் நின்றுபோனதைப் பார்த்த பிறகு இதற்காகப் பணம் எடுக்க மனம் வரவில்லை.

2023-ல் வந்த ஷிமானோவின் 12 கியர் ஜி.ஆர்.எக்ஸ். செட்டில் பின் கேசட் 51 பல் வரை போகிறது. முன் 40 என்றால் 1.71. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் ஹேண்டில் லீவரிலிருந்து செயின் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், தவுக்கே சொன்ன தொகைக்கு அந்த இளைஞரின் வண்டியைப் போல ஐந்தாறு வாங்கலாம். வளைந்த ஹேண்டிலில் இருக்கும் ரோட் லீவரோடு மவுண்டன் பைக் ஆர்.டி. சேராது, கேபிள் இழுக்கும் அளவு வேறு. இதைச் சொல்லாமல் விற்கிற கடைகள் உண்டு, கேட்டுக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு. மைக்ரோஷிப்ட் கம்பெனியின் அட்வென்ட் எக்ஸ் என்ற 10 கியர் செட்டில் வளைந்த ஹேண்டிலுக்கே லீவர் இருக்கிறது, கேசட் 48 வரை. முன்னால் 36 வைத்தால் ஏறக்குறைய 1.64. என் வாக்கு இதற்குத்தான்.

“கீழே இறங்கும்போது வேகம் போதாதே?” என்று தவுக்கே கடைசி அம்பை விட்டார். முன் 36, பின் மிகச் சிறியது 11. நிமிடத்துக்குத் தொண்ணூறு சுற்று மிதித்தால் மணிக்கு 38 கிலோமீட்டருக்கு மேல் வரும். சரளையில் அதற்கு மேல் மிதிப்பவர் எவரையும் நான் அந்த மேட்டில் பார்க்கவில்லை, எல்லாரும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்கள்.

அதே சமயம், எவ்வளவு சின்னதாக வேண்டுமானாலும் போகலாம் என்றும் இல்லை. ஒரு சுற்று 1.2 மீட்டருக்குக் கீழே போனால், அதே விநாடிக்கு ஒரு சுற்றுக் கணக்கில் வேகம் மணிக்கு நாலு கிலோமீட்டர், நடையைவிட மெதுவு. அந்த வேகத்தில் வண்டியை நிமிர்த்திப் பிடிப்பதே பெரும்பாடு, அதற்கு இறங்கித் தள்ளிவிடலாம்.

ஆகவே அசஹான் பக்கம் ஏற நினைப்பவர்கள் கடைக்காரர் சொல்லும் பல் கணக்கை விட்டுவிட்டு, ஒரு நாடாவும் சாக்பீஸும் கொண்டுபோய்த் தாங்களே அளந்து பாருங்கள். 1.65-க்கு மேல் காட்டினால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். தோட்டத்து ரோடு தனியார் ரோடு, காவல் கூண்டில் சொல்லிவிட்டுப் போங்கள், குலை லோரி ஓடாத ஞாயிற்றுக்கிழமை நல்லது. அசஹானில் ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சித் திடல் ஒன்றும் இருக்கிறது. எச்சரிக்கைப் பலகை தெரிந்தால் எந்த கியரில் இருந்தாலும் திரும்பி விடுங்கள்.