199-லிருந்து 107-க்கு

28 ஜூன் 2024, வெள்ளி

நேற்று ஜியோ அறிவித்தது. இன்று ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் அறிவித்துவிட்டன. கட்டணம் கூடுகிறது. முதல் இரண்டும் ஜூலை 3 முதல், வோடபோன் ஐடியா 4 முதல்.

எனக்கு உடனே அம்மா நினைவுதான் வந்தது. அவள் வைத்திருப்பது பட்டன் போன், நெட் கிடையாது. 28 நாளுக்கு 179 ரூபாய் போட்டு வந்தோம், இனி 199. 28 நாள் கணக்கில் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ், அதாவது 2,587 ரூபாய். "மாசம் பன்னெண்டுதான, நீ எதுக்கு பதிமூணு தடவ போடுற?" என்று அம்மா முன்பே கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்வி. 30 நாள் பேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. ஆனாலும் கடையில் போய்க் கேட்டால் முதலில் சொல்வது 28 நாள் பேக்கைத்தான்.

30 ஜூன், ஞாயிறு

விளாத்திகுளம் பக்கம் எங்கள் ஊர். காலை பஸ்ஸில் வந்துவிட்டேன். அம்மா போனில் கால் லிஸ்ட்டைப் பார்த்தேன். வந்த அழைப்புகள்தான் அதிகம். நானும் திருப்பூரிலிருந்து தம்பியும் பேசியவை. அவள் பேசியவை கேஸ் புக்கிங், உரக்கடை, பெரியம்மா. எங்களுக்கு மிஸ்டு கால் கொடுப்பாள், நாங்கள் திருப்பிக் கூப்பிடுவோம்.

இவளுக்கு அன்லிமிடெட் எதற்கு? பி.எஸ்.என்.எல்.லில் 107 ரூபாய்க்கு 35 நாள் பேக் இருக்கிறது. 200 நிமிஷம் பேசலாம், 3 ஜிபி டேட்டாவும் உண்டு. வருஷத்துக்கு 11 தடவை போட்டாலும் 1,177 ரூபாய்தான். மிச்சம் 1,410.

விலை குறைவு என்பதற்காக மட்டும் மாறிவிட முடியாது, போனும் சிக்னலும் ஒத்துவர வேண்டும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அதனால் அம்மாவின் சாதாரண பட்டன் போனில் அது வேலை செய்யாது. பக்கத்து வீட்டுச் சித்தியிடம் பி.எஸ்.என்.எல். சிம் போட்ட போன் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். திண்ணை, அடுப்படி, அம்மா படுக்கும் உள் அறை. சிக்னல் கோடு எத்தனை என்று பார்ப்பதோடு நிற்காமல், மூன்று இடத்திலும் தம்பியைக் கூப்பிட்டுப் பேசினேன். உள் அறையிலும் குரல் தெளிவாகக் கேட்டது. முடிவு செய்துவிட்டோம்.

"நம்பர் மாறிராதுல்ல?" என்பது மட்டும்தான் அம்மாவின் கவலை. ரேஷன் கார்டு, ஆதார், பேங்க், எல்லாவற்றிலும் இந்த எண்தான்.

3 ஜூலை, புதன்

புதிய கட்டணம் இன்று அமலுக்கு வந்துவிட்டது.

எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் 'போர்ட்' வசதி 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் வந்தது. வேறு மாநிலத்துக்குக் குடிபோனாலும் அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம் என்றானது 2015 ஜூலை 3 அன்று. இன்றோடு ஒன்பது வருஷம்.

இந்த உரிமையின் அருமை தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரியும். 2018 பிப்ரவரியில் ஏர்செல் சேவை முடங்கியபோது, லட்சக்கணக்கானோர் தங்கள் எண்ணைக் காப்பாற்றிக்கொண்டது இதனால்தான். அம்மாவின் எண்ணும் அப்படி ஏர்செல்லிலிருந்து வெளியேறியதுதான்.

நேற்று முன்தினம் முதல் புது விதி ஒன்றும் வந்திருக்கிறது. தொலைந்த சிம்முக்குப் பதில் வேறு சிம் வாங்கினால் 7 நாள் போர்ட் செய்ய முடியாது. மற்றவர் எண்ணைத் திருடி பேங்க் பணத்தை எடுக்கும் மோசடியைத் தடுக்கத்தான். நல்லது.

13 ஜூலை, சனி

அம்மாவின் பேக் 20-ம் தேதி முடிகிறது. மிச்ச நாளும் பேலன்ஸும் புது சிம்முக்கு வராது என்பதால் இதுவரை பொறுத்தோம்.

பட்டன் போனில் PORT என்று அடித்தேன். 7 ஒரு அழுத்து, 6 மூன்று, 7 மூன்று, 8 ஒன்று. இடைவெளி விட்டு அம்மாவின் பத்து இலக்க எண். 1900-க்கு அனுப்பினேன். எந்த பேக் போட்டிருந்தாலும் இந்த எஸ்எம்எஸ் போக வேண்டும் என்பது 2021 டிசம்பரில் டிராய் போட்ட உத்தரவு. 1901-லிருந்து எட்டு எழுத்துக் குறியீடு வந்தது. நம் பக்கத்தில் 4 நாள்தான் செல்லும். ஓடிபி போல இதையும் வெளியாரிடம் சொல்லக் கூடாது.

டவுனில் பி.எஸ்.என்.எல். மையத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். ஆதார் எண், கைரேகை. பருத்தி எடுத்துத் தேய்ந்த பெருவிரல் பதியவில்லை. ஈரத்துணியில் துடைத்து மோதிரவிரலை வைத்ததும் பதிந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவரின் சிம் மகன் பெயரில் இருந்தது. மகன் நேரில் வர வேண்டும் என்றார்கள். அவர் இரண்டு பஸ் மாறி வந்தவர்.

15 ஜூலை, திங்கள்

அரசின் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் பேங்கில் ஏறிவிட்டது என்று அம்மா கூப்பிட்டுச் சொன்னாள். அந்த ஆயிரம் ரூபாயில் ஐந்தில் ஒரு பங்கு ரீசார்ஜுக்கே போவதென்றால் எப்படி?

பழைய கம்பெனியிலிருந்தும் அழைப்பாம். இருந்துவிடுங்கள், சலுகை தருகிறோம் என்றார்களாம். இத்தனை வருஷம் இருந்தபோது தராத சலுகை. "எம் மவகிட்ட பேசிக்கோங்க" என்று போனை வைத்துவிட்டாளாம்.

18 ஜூலை, வியாழன்

ஒரே மாநிலத்துக்குள் 3 வேலை நாள் என்பது விதி. நேற்று மொஹரம் விடுமுறை. இன்று காலை பழைய சிம்மில் சிக்னல் போனதும் சித்தி மகன் புது சிம்மைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். மத்தியானம் அதே எண்ணிலிருந்து மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டேன். "கேக்குதா?" என்றாள். நன்றாகக் கேட்டது.

28 ஜூலை, ஞாயிறு

இப்போது தம்பியும் மாறலாமா என்று கேட்கிறான். வேண்டாம் என்றேன். அவனுக்கும் எனக்கும் நாள் முழுக்க வேகமான நெட் வேண்டும். டிசிஎஸ், தேஜஸ், சி-டாட் சேர்ந்து உருவாக்கும் பி.எஸ்.என்.எல். 4ஜி இப்போதுதான் ஊர் ஊராக ஏறிக்கொண்டிருக்கிறது. எங்கள் தெருக்களுக்கு வரட்டும், பேசிப் பார்த்து, நெட் போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.

பேசுவதற்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி பேக் வேண்டுமா என்று டிராய் இப்போது கருத்துக் கேட்டிருக்கிறது. வேண்டும். நெட் பக்கமே போகாத கோடிக்கணக்கான அம்மாக்கள் டேட்டாவுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவது நியாயமே இல்லை. டிராய்க்கு நான் எழுதப்போகிறேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எவ்வளவு பேசுகிறார்கள், சிம் யார் பெயரில் இருக்கிறது, வீட்டுக்குள் எந்த சிக்னல் எடுக்கிறது, பேக் என்று முடிகிறது. இந்த நான்கும் தெரிந்தால் போதும், மாறுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துவிடலாம். எண் நம்முடையது. கம்பெனியை மாற்றும் உரிமையும் நம்முடையதுதான்.