கோட்டுக்கு வெளியே

முழங்கால் பிறழ்ந்ததிலிருந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே அமர்ந்திருக்கும் எனக்குப் பிறையன் கிளஃப் என்னும் ஆங்கிலேயரின் நினைவு அடிக்கடி எழுகின்றது. இங்கிலாந்தின் 274 லீக் ஆட்டங்களில் 251 கோல்கள் அடித்தவர். 1962 டிசெம்பர் 26ஆம் நாள், சண்டர்லாண்ட் கழகத்துக்காக ஆடுகையில், எதிரணிப் பந்துக்காப்பாளருடன் மோதி வீழ்ந்தார். அப்போது வயது 27. அதன்பின் மூன்று லீக் ஆட்டங்களே ஆட முடிந்தது.

1965இல் ஹார்ட்டில்பூல்ஸ் என்னும் எளிய கழகத்தின் முகாமையாளரானார். பின்னர் அவர் நடத்திய நொட்டிங்காம் பொறெஸ்ற் அணி 1979, 1980 ஆகிய ஈராண்டுகளிலும் ஐரோப்பியக் கிண்ணத்தையே வென்றது. (இடையில், 1974இல், லீட்ஸ் கழகத்தில் 44 நாட்களே நிலைத்தார் என்பது வேறு கதை.)

அக்கிண்ணங்கள் அந்த முழங்காலுக்கு ஈடாயினவா? ஆயின என்றெழுத என் பேனா மறுக்கின்றது. எங்கள் பீட அணியைப் பயிற்றுமாறு நண்பர்கள் கேட்டுப் பத்து நாட்களாகின்றன. நேற்று மாலை பந்து என் காலடிக்கு உருண்டு வந்தது, கையால் எடுத்தெறிந்தேன்.