வீங்கிய கையும் கைபேசியும்

நோயைத் தீர்ப்பது மருத்துவத்தின் கடன்; நோய் தீர்ந்தவளை வாழவைப்பது சமுதாயத்தின் கடன். முன்னதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். பின்னதைப் பற்றிப் பேசுவோர் அரியர்.

இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். காலத்தே கண்டுகொண்டால் பிழைக்கலாம். பலர் பிழைத்தும் வருகின்றனர். ஆயின், மஹரகமையிலிருந்தோ கண்டியிலிருந்தோ சிகிச்சை முடிந்து தேயிலை மலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு அதன்பின் யார் துணை?

இதே கேள்வியைச் சில ஆண்டுகளுக்கு முன் சிகாகோ நகரின் ஆராய்ச்சியாளர் சிலர் வேறொரு மக்களைக் குறித்துக் கேட்டனர். லத்தீன் அமெரிக்க வழிவந்த பெண்கள், சிகிச்சை முடிந்தபின் தங்கள் வேதனைகளைச் சொல்ல வழியின்றி இருப்பதை அவர்கள் கண்டனர். வைத்தியரின் மொழி ஆங்கிலம். பலர் வீட்டின் மொழி ஸ்பானியம். ஆகவே 'மை கைட்' என்னும் கைபேசிச் செயலியை இரு மொழிகளிலும் ஆக்கினர். மருந்தின் பின்விளைவுகள், மனச்சோர்வு, குடும்பத்தாரிடம் உதவி கேட்கும் விதம் ஆகியவற்றை அது எடுத்துச் சொன்னது. இதில் நம் கருத்தைக் கவர்வது ஒன்று: செயலியைப் போதிய அளவு பயன்படுத்தாதவரை அழைத்துப் பேச மனிதரையும் அவர்கள் அமர்த்தியிருந்தனர். கருவி தனியே போதாது என்பதைக் கருவி செய்தவர்களே உணர்ந்திருந்தனர்.

கடல் கடந்து உழைக்க வந்த இனம், குறைந்த கூலி, ஆஸ்பத்திரியில் அந்நியமாய் ஒலிக்கும் மொழி: இவை நமக்குப் புதியனவா? 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. அந்தச் சட்டம் எல்லா வைத்தியசாலைக் கட்டில்களையும் இன்னும் எட்டவில்லை.

ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் நாம் அறிந்த பெண்ணொருத்தி உண்டு. ஒரு மார்பும், அக்குளின் நிணநீர்க் கணுக்களும் அகற்றப்பட்டவர். "அக்கா, கை எப்படி இருக்கிறது?" என்றோம். "கைக்கென்ன தம்பி, அது பாட்டுக்கு வீங்குது, வத்துது. பேரு விழணுமே!" என்றார். பதினெட்டோ இருபதோ கிலோ கொழுந்து நிறுக்காவிட்டால் முழுப்பேர் இல்லை. நாட்கூலி 1000 ரூபாய் என்று வர்த்தமானி அறிவித்ததே 2021இல்தான். 2024இல் அடிப்படைக் கூலி 1350 ஆயிற்று. கிளினிக்குக்குப் போகும் நாளில் அதுவும் இல்லை. போதாததற்கு பஸ் செலவு வேறு.

அக்குள் கணுக்கள் முழுதும் அகற்றப்பட்டோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. வடியவேண்டிய நீர் வழியின்றித் தேங்குவதே காரணம். அந்தக் கையில் ஒரு கீறல் பட்டாலும் கிருமி எளிதில் பற்றும். பற்றினால் வீக்கம் முற்றும். படிப்படியான பயிற்சி நன்மை செய்யும். பழக்கமற்ற திடீர்ப் பாரம் ஆகாது. ஆயின் மலையில் அவளுக்குக் காத்திருப்பவை எவை? கையைக் கிழிக்கும் தேயிலை வாது, குளவிக்கொட்டு, மழையில் நனைந்து கனக்கும் கொழுந்துப் பை. இத்துடன் பலர் 'தமொக்சிபென்' மாத்திரையை ஐந்து முதல் பத்து ஆண்டுகள் நாள்தோறும் விழுங்க வேண்டும். நுவரெலியாக் குளிரில் நள்ளிரவில் உடல் அனலாய்க் கொதித்து வேர்ப்பது அம்மருந்தின் விளைவு என்று சொல்ல ஆளில்லாவிடின், மருந்தையே நிறுத்திவிடத் தோன்றாதா?

இங்கே ஒரு செயலி பயன்படும் என்றே நாம் கருதுகிறோம். மாத்திரை வேளையை அது நினைவூட்டலாம்; கைப்பயிற்சியைக் காட்டலாம்; எந்த வீக்கத்துக்கு உடனே ஓடவேண்டும் என்று எச்சரிக்கலாம். ஆனால் அது எழுத்தை நம்பாமல் குரலில் பேச வேண்டும். அக்குரலும் மலையகத் தமிழாய் இருக்க வேண்டும். சிக்னல் இல்லாதபோதும் இயங்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழிப் பாடத்துக்காக நம் மாணவர்கள் மேடு தேடி ஏறியதை ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மற்றொன்றும் உண்டு. பல காம்பராக்களில் நல்ல கைபேசி மகனுடையது. எல்லோரும் உறங்கும் ஓரறையில், மகனின் கைபேசி தன் மார்பைப் பற்றி உரக்கக் கேள்வி கேட்டால் எந்தத் தாய் வாய் திறப்பாள்?

இவற்றுக்கெல்லாம் வழி காணலாம். காணக் கடினமான வழி வேறு. "இன்று கை வலிக்கிறதா?" என்று கைபேசி கேட்கிறது. "ஆம்" என்கிறாள் அவள். அந்த "ஆம்" யாரைச் சென்று சேரும்? 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. வேலை பிரித்துக் கொடுப்பவர் வெளிக்கள உத்தியோகத்தர்; மருத்துவமாது அரசின் ஊழியர்; நிபுணர் இருப்பதோ தொலைநகரில். 2017இல் டிக்கோயாவில் 150 கட்டில்களுடன் புதிய வைத்தியசாலை திறக்கப்பட்டது நல்ல செய்தியே. எனினும் அங்குள்ள வைத்தியர் "இலகு வேலை" என்று எழுதித் தந்தால் அது மலையில் செல்லுபடியாக வேண்டுமே! இல்லையேல் "கைக்கு ஓய்வு கொடுங்கள்" என்னும் அறிவுரை, பசித்தவனிடம் "வேளைக்கு உண்க" என்பது போலாகும்.

ஆகவே நாம் கேட்பது இது: சிகிச்சை முடிந்த பெண்ணுக்குக் கூலி குறையாத இலகு வேலை, கிளினிக் நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை, தமிழில் எழுதிய மருத்துவக் குறிப்பு, அவள் பதிலைக் கேட்டுச் செயற்படக் கடமைப்பட்ட ஓர் உத்தியோகத்தர். இவற்றைத் தொழிற்சங்கங்கள் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் வைக்கட்டும். ஆசிரியரும் மாணவரும் ஆற்றத்தக்க பணியும் உண்டு. கணினி கற்ற மலையகப் பிள்ளைகள் இன்று பலர். அவர்கள் ஒரு செயலியை ஆக்கட்டும். அதற்குரிய கேள்விகளை அந்த அக்காமாரிடமே கேட்டு எழுதட்டும். அவர்கள் முதலில் சொல்லப்போவது கூலியைப் பற்றித்தான். அதையும் நோயின் அறிகுறிகளுள் ஒன்றாகக் குறித்துக்கொள்ளட்டும்.