கடல் உப்பு... சாம்பார் உப்பா இருக்கு!

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போற பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடிச்சிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? ஆத்தூர் தாண்டியதும் உப்பளங்கள், உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கும் பெரிய தொழிற்சாலை. அதுதான் சாகுபுரம். ஸ்பானிஷ் படிக்க சூப்பரான இடம். சிரிக்காதீங்க, மேட்டர் இருக்கு!

இங்கிலீஷில் கடலும் 'இஸ் சால்ட்டி', ஹாஸ்டல் சாம்பாரும் 'இஸ் சால்ட்டி'. ஸ்பானிஷில் இந்த 'இஸ்'ஸுக்கு ரெண்டு வினைச்சொல்: 'ஸேர்', 'எஸ்தார்'. உப்பு கடலோட குணம், அதனால 'எஸ் ஸலாதோ'. சாம்பாரில் இன்னிக்கு உப்பு தூக்கல், அதனால 'எஸ்தா ஸலாதோ'.

நம்ம தமிழைக் கவனிங்க. 'கடல் தண்ணி உப்பு.' வினைச்சொல்லே இல்லை! 'சாம்பார் உப்பா இருக்கு.' இங்கே 'இருக்கு' வந்துடுச்சு. எல்லா இடத்திலும் இப்படிக் கச்சிதமாப் பொருந்தாது. ஆனா, தன்மை வேற, நிலைமை வேறங்கிற அந்த வித்தியாசம் நமக்கு ஏற்கெனவே பழக்கம். 'நிரந்தரம், தற்காலிகம்'னு மட்டும் மனப்பாடம் பண்ணிடாதீங்க. ஸ்பானிஷில் செத்துப்போனவருக்கும் 'எஸ்தார்'தான்!

ஒரு மொழியை இன்னொரு மொழி வழியாப் பிடிக்கிறது இந்தக் கரைக்குப் புதுசில்லை. பக்கத்து ஊர் புன்னைக்காயல். 1546-ல் இந்தியா வந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் ஹென்ரிக் ஹென்ரிக்ஸ், முத்துக்குளித்துறையில் தமிழ் கத்துக்கிட்டார். தமிழுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் இலக்கணமும் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் மொழிபெயர்த்ததுதான். போர்ச்சுகீசியம் ஸ்பானிஷுக்குச் சொந்தக்கார மொழி. அதிலும் 'ஸேர்', 'எஸ்தார்' உண்டு. ரெண்டு வினையோட வளர்ந்த காது, நம்ம 'இருக்கு'வை எப்படிக் கேட்டிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க!

சரி, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருவோம். 'ஐ ஆம் நெர்வஸ்'னு சொல்றோம். ஸ்பானிஷ்காரர் உடனே கேட்பார்: 'ஸோய்'யா, 'எஸ்தோய்'யா? முதலாவதுன்னா நீங்க சுபாவத்திலேயே படபடப்பான ஆள். ரெண்டாவதுன்னா இப்போதைக்குப் படபடப்பு, அவ்வளவுதான். இங்கிலீஷ் 'ஆம்' ரெண்டையும் ஒரே பைக்குள்ள போட்டு மூடிடுது. அதனால 'ரைட் நவ்'னு ஒரு வார்த்தை சேர்த்துக்கங்க, அர்த்தம் பளிச்னு ஆகிடும்.

தமிழ் மீடியத்திலிருந்து வந்த பலர் 'ஐ ஆம் வீக் இன் இங்கிலீஷ்'னு சொல்லியே மூணு வருஷத்தை ஓட்டிடுறாங்க. நீங்க சொல்லுங்க... அது 'ஸோய்'யா, 'எஸ்தோய்'யா?