மேடு சார்!

மவுண்ட் ரோடில் ஹாரன் அடித்துக்கொண்டே ஆபீஸ் போகிறவர்களே, அந்த 'மவுண்ட்' எது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? அண்ணா சாலை என்று பெயர் மாறிய பிறகும் நம் வாயை விட்டுப் போகாத அந்த மவுண்ட், பரங்கிமலைதான். உயரம் சுமார் 300 அடி. ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அதன் அடிவாரத்தில் ஓர் ஏற்றத் தெருவில் நான் குடியிருக்கிறேன்.

இங்கே யாருக்கும் அவசரம் கிடையாது. இஸ்திரிக்காரர், "சாயந்திரம் வாங்க சார்" என்பார். எந்தச் சாயந்திரம் என்று மட்டும் சொல்லமாட்டார். ஆட்டோக்காரர் "மேடு சார்" என்று கூடக் கேட்பார். சரி, திரும்பும்போது இறக்கம்தானே, குறைப்பாரா? ஊஹூம்! பி.காம். படித்த எனக்கே இந்தக் கணக்கு இன்னும் டேலி ஆகவில்லை.

நிதானம் இந்த மண்ணின் பழைய வழக்கம் போலிருக்கிறது. 1802-ல் லாம்டன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி தன் பெரிய சர்வேயை இங்கேதான் ஆரம்பித்தார். நூறடிச் சங்கிலியை வைத்து ஏழரை மைலுக்கு ஒரு கோடு. அளந்து முடிக்க 57 நாள்! நம்ம மேனேஜராக இருந்தால் முதல் வாரமே மெமோ கொடுத்திருப்பார். ஆனால் அந்தக் கோடு பிசகினால் அதன்மேல் எழும் கணக்கெல்லாம் பிசகும். அப்படி வளர்ந்த சர்வேதான் பிற்பாடு எவரெஸ்டின் உயரத்தையே சொன்னது.

அம்மா போன பிறகு அப்பா பேசுவதையே நிறுத்தியிருந்தார். இங்கே வந்ததும் சாயந்திரமானால் மலைப் படிக்கட்டுக்குக் கிளம்பிவிடுவார். பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வியாபாரி 18-ம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்த படிகள். உச்சியில் இருப்பது மாதா கோயில். காற்று எல்லோருக்கும் பொது. பாதிப் படியில் மூச்சு வாங்க உட்காருவார். பக்கத்தில் இன்னொரு பெரியவரும் மூச்சு வாங்குவார். பேச்சு ஆரம்பித்துவிடும்.

போன வருஷம் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் வாரம் மூன்று நாள் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. அங்கேயே 14-வது மாடியில் ஒரு ஃப்ளாட்டும் பார்த்தேன்.

"அங்கே படி இருக்காடா?" என்றார் அப்பா.

"லிஃப்ட் இருக்குப்பா."

"லிஃப்ட்ல எவன்டா பேசுவான்?"

வேலையில் சேர்ந்தேன். வீடு மாற்றவில்லை. போக வர தினம் மூன்று மணி நேரம். சுத்த நஷ்டம் என்கிறார்கள் நண்பர்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னிக்கு ஒருத்தரைப் பார்த்தேன்டா..." என்று ஆரம்பிக்கிறாரே அப்பா, அதை எந்தப் பத்தியில் எழுதுவது?