பனியில் உறைந்த குடிலும் பெரியப்பாவின் நாலு கட்டையும்

என் பெரியப்பா தன் படகை ஒருநாளும் வெறும் மணலில் விட்டதில்லை. நொச்சிக்குப்பத்தில் கரையேறியதும் அடியில் கட்டை வைத்துத் தூக்கி நிறுத்திய பிறகுதான் வீட்டுக்கு வருவார். அலை ஏறி மணலை நனைத்துவிட்டால், அந்த மணல் படகின் அடிவயிற்றை இறுகக் கவ்விக்கொள்ளும். அப்புறம் பத்துப் பேர் தள்ளினாலும் அசையாது. சாந்தோம் கடற்கரையோரம் வளர்ந்த எங்களுக்கு இது பள்ளிக்கூடத்துக்கு முன்னாலேயே தெரிந்த பாடம்.

அந்தப் படகு 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமியில் போய்விட்டது. அதன் பிறகு பெரியப்பா மற்றவர்கள் படகில் கூலிக்குத்தான் போனார். சொந்தமாக வாங்கவே இல்லை. மகனிடம், 'நீ இந்தப் பக்கமே வராத' என்று சொல்லிப் படிக்க வைத்தார். அண்ணன் இப்போது கனடாவில், டொரன்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறான். அப்பாவும் பிள்ளையும் போனில் பேசினால், 'சாப்ட்டியா?', 'சாப்ட்டேன் நைனா' என்பதோடு முடிந்துவிடும். படகைப் பற்றியோ கடலைப் பற்றியோ வாயே திறக்க மாட்டார்கள்.

அப்படி இருந்தவர்களைப் பேச வைத்தது ஒரு மரப்பெட்டி.

டொரன்டோவுக்கு வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் சிம்கோ என்ற ஏரி இருக்கிறது. சுமார் 720 சதுர கிலோமீட்டர். குளிர்காலத்தில் மேற்பரப்பு உறைந்து கெட்டியானதும், பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள். காற்றுக்கும் குளிருக்கும் மறைப்பாகச் சின்னச் சின்ன மரக் குடில்களை இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவார்கள். நம்மூர் பெட்டிக்கடை அளவுதான் இருக்கும். இழுக்க வசதியாக அடியில் இரண்டு நீளமான சறுக்குக் கட்டைகள். அண்ணனும் அவன் நண்பர்கள் இருவரும் சேர்ந்து பழைய குடில் ஒன்றை வாங்கினார்கள்.

பிப்ரவரி கடைசியில் அதைக் கரைக்கு இழுக்கப் போனால், அசையவில்லை. ஸ்னோமொபைலைக் கட்டி இழுத்தும் கயிறுதான் அறுந்தது.

காரணம் எளிமையானது. குடிலுக்குள் ஹீட்டர் எரிகிறது. பகலில் சறுக்குக் கட்டையின் இரும்புத் தகடு வெயிலில் சூடாகிறது. அந்தச் சூட்டில் அடியிலுள்ள பனி கொஞ்சம் உருகும். பனிப்பொழிவு அதிகமானால், அதன் பாரத்தில் ஏரியின் பனித்தளமே சற்றுக் கீழே அழுந்தி, துளை வழியாகவும் விரிசல் வழியாகவும் தண்ணீர் மேலே வந்து தேங்கும். ராத்திரி அத்தனையும் உறைந்துவிடும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் விரிவடையும் என்பதால், கட்டையின் இடுக்குகளில் புகுந்த நீர் ஆணி அடித்தாற்போலப் பிடித்துக்கொள்ளும்.

அப்படியே விட்டுவிட்டு வரவும் முடியாது. ஒன்டாரியோ மாகாணத்தில் இந்தக் குடில்களுக்குப் பதிவு எண் உண்டு. அதை வெளியே தெரியும்படி எழுத வேண்டும். குறிப்பிட்ட தேதிக்குள் ஏரியை விட்டு அகற்றியாக வேண்டும். தவறினால் அபராதம். பனி உருகினால் குடில் ஏரிக்குள் போகும்.

அண்ணன் எனக்கு வீடியோ அனுப்பினான். 'பாப்பா, நைனாகிட்ட காட்டாத' என்று ஒரு மெசேஜும் போட்டான். ஆனால், அதற்குள் பெரியப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

என் போனை வாங்கி அவரே அழைத்தார். 'டேய், அடியில கட்ட வெச்சியா?' அதுதான் முதல் கேள்வி.

'இல்ல நைனா.'

'நேரா இழுக்காத, அடிக்கட்ட ஒடிஞ்சிடும். சுத்தி வெட்டி உடு. ஒரு மூலய மட்டும் நெம்பு. கெளம்புனதும் பலகயச் சொருவு. அப்பால அடுத்த மூல.'

பனியைக் கண்ணால் பார்க்காத மனிதர் அவர். அண்ணன் கடப்பாரையால் சுற்றிலும் கொத்தி, ஜாக்கி வைத்து மூலை மூலையாகக் கிளப்பினான். நாலு மூலையும் கிளம்ப நாலு மணி நேரம் ஆனது. இந்தப் பக்கம் பெரியப்பா நடுராத்திரி வரை தூங்காமல், 'இப்ப இடமும் வலமும் ஆட்டு... இப்ப இழு' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குடில் நகர்ந்தபோது போனிலேயே கை தட்டினார்.

அந்த ஏரியில் பல வருடம் மீன் பிடிப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள் என்று அண்ணன் பிறகு சொன்னான். நிறுத்தும் அன்றே சறுக்குக் கட்டைக்கு அடியில் மரத்துண்டுகளைக் கொடுத்துவிடுவார்கள். துண்டு உறைந்தாலும் கவலை இல்லை. சின்னது என்பதால் தட்டினால் விட்டுவிடும். சில நாளுக்கு ஒருமுறை குடிலைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பார்கள். கசகசவென்று ஈரப்பனி சேர்ந்தால் உறைவதற்கு முன்பே வாரித் தள்ளிவிடுவார்கள்.

அன்று போனை வைக்கும் முன் பெரியப்பா சொன்னார்: 'ஒரு தபா போனது போதும்டா. இத உட்றாத.' படகு போன பிறகு அதைப் பற்றி அவர் மகனிடம் பேசியது அதுதான் முதல் முறை. அண்ணன் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'உடமாட்டேன் நைனா' என்றான்.

இப்போது குளிர்காலம் வந்தால் அவர்கள் போன் பேச்சு அரை மணி நேரத்துக்குக் குறைவதில்லை. என்ன மீன், எத்தனை ஆழம், தூண்டிலில் என்ன இரை என்று எல்லாம் கேட்பார். 'சாப்ட்டியா?' என்ற கேள்வி மட்டும் கொஞ்சம் பின்னால் போய்விட்டது. இப்போதெல்லாம் முதலில் வருவது, 'கட்ட வெச்சியா?'